வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்களா? உங்கள் பாயிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்!

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அதற்கு அடுத்து அத்திப்பட்டு. அதுதான் எங்கள் ஊர். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த நான் இப்போது சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிறேன். தெருவில் யார் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். பிரிண்டரை இணைப்பது, இமெயில் கணக்கு தொடங்குவது, தமிழில் டைப் செய்வது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் எதிர்வீட்டு அண்ணன் லேப்டாப் வாங்கினார். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை அவருக்கு. கம்பெனி அவரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பும். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, பிளேன் பாயிண்ட் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு இதுல பாக்க முடியுமா?" என்று கேட்டார். பார்த்தோம். அவர் நினைத்ததை விடக் குறைவாக இருந்தது.

ஏன் என்று தேடினோம். ஐந்து மாதங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது அவருடைய விமானம் ரத்தாகி இருக்கிறது. அந்த விமான நிறுவனம் அவரை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், வளைகுடா வழியாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தது. அந்தப் பயணத்துக்கு ஒரு பாயிண்ட்கூட வரவில்லை. வந்திருந்தால் சுமார் 3,100 பாயிண்ட். அவருக்குக் குறைந்ததோ 2,600.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அண்ணனுக்குப் பெரிய விஷயம்தான். அப்பா, அம்மா இருவரையும் காசிக்கு அழைத்துப் போவதற்காக அந்தப் பாயிண்ட்டைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலில் ஒன்றரை நாள் உட்கார்ந்து போக அவரால் முடியாது.

"நான்தான் அவங்க விமானத்துல வரவே இல்லையே, எந்த முகத்தோட கேக்கறது?" என்றார். தாராளமாகக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும்.

பாயிண்ட் எங்கே காணாமல் போகிறது?

விமான நிறுவனங்கள் தங்கள் விமானங்களில் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்குப் பாயிண்ட் தருகின்றன. சில நிறுவனங்கள் இதை மைல் என்று சொல்லும். போதுமான அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட் வாங்கலாம். வரி, கட்டணங்களை மட்டும் நாம் கட்ட வேண்டியிருக்கும். டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டினாலும், பொதுவாகப் பாயிண்ட் பயணம் செய்தவரின் கணக்கில்தான் சேரும்.

இந்தத் திட்டமே கம்ப்யூட்டரால் பிறந்தது எனலாம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது, செபர் என்ற தன் முன்பதிவுக் கம்ப்யூட்டரில் எந்தத் தொலைபேசி எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடித்தான் அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் பாயிண்ட் கொடுப்பது கம்ப்யூட்டர்தான். அதனிடம் இருக்கும் பதிவு சரியாக இல்லாவிட்டால் பாயிண்ட் வராது. மூன்று பதிவுகளை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1. பிஎன்ஆர்: இது ஆறு எழுத்து அல்லது எண் கொண்ட முன்பதிவுக் குறியீடு. உங்கள் பெயர், விமானம், பிரிக்வென்ட் பிளையர் உறுப்பினர் எண் எல்லாம் இதற்குள் இருக்கும். உங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உங்களுக்கு வேறு பிஎன்ஆர் உருவாகும். அதற்குள் உங்கள் உறுப்பினர் எண் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

2. இ-டிக்கெட் எண்: இது 13 இலக்க எண். 2008 ஜூன் 1 முதல் ஐயாட்டா அமைப்பு காகித டிக்கெட்டை நிறுத்தியது. அதன் பிறகு இந்த எண்தான் உங்கள் டிக்கெட். முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனம் தெரிந்துவிடும். 098 என்றால் ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ். டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன் உண்டு. நீங்கள் பயணம் செய்ததும் அந்தக் கூப்பன் 'பறந்தாயிற்று' என்று மாறும். உங்களை வேறு விமானத்துக்கு மாற்றினால் பழைய கூப்பன் 'மாற்றப்பட்டது' என்று ஆகிவிடும். பறந்தாயிற்று என்ற கூப்பனுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் தானாகப் பாயிண்ட் தரும். அண்ணனுக்கு வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

3. கட்டண வகுப்பு: எகானமி என்ற ஒரே பகுதிக்குள் ஒய், எம், கே, எல் என்று பல எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்து எந்தக் கட்டணத்துக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பாயிண்ட்டும் வேறு, சிலவற்றுக்குப் பாயிண்ட்டே இல்லை. அவசரமாக இடம் மாற்றும்போது உங்களை எந்த எழுத்தில் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உறுப்பினர் எண் சரியாக இருந்தும் பாயிண்ட் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் நிலை எது?

அ) மாற்றி அனுப்பிய நிறுவனமும் கூட்டாளி நிறுவனம் என்றால்: ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்று மூன்று பெரிய கூட்டணிகள் இருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. உதாரணமாக, ஏர் இந்தியாவில் வர வேண்டிய உங்களை லுப்தான்சாவில் ஏற்றினால் இரண்டும் ஒரே கூட்டணி. உங்கள் உறுப்பினர் எண்ணை அங்கே கொடுத்தால் பாயிண்ட் வர வழி இருக்கிறது. ஆனால் புதிய கட்டண வகுப்பின்படி வரும். அது கூடவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம்.

ஆ) கூட்டணியில் இல்லாத நிறுவனம் என்றால்: அண்ணனின் நிலை இதுதான். புதிய நிறுவனத்திடம் உங்கள் பழைய உறுப்பினர் எண் செல்லாது. முதல் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். 'நான் வாங்கிய டிக்கெட்டின்படி எனக்கு வரவேண்டிய பாயிண்ட்டைக் கொடுங்கள்' என்று கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறது: 'ஒரிஜினல் ரூட்டிங் கிரெடிட்'. விமான நிறுவனம் தானாகவே பாதையை மாற்றியபோதுதான் இதைக் கேட்க முடியும். நீங்களாக விரும்பி மாற்றிக்கொண்டால் கேட்க முடியாது.

இ) பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நீங்களே வேறு டிக்கெட் எடுத்தால்: பழைய டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது. புதிய நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்து அங்கே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் நாட்டின் குறைந்த கட்டண நிறுவனங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அவர்கள் தங்கள் வேறு விமானத்தில் இடம் தருவார்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தருவார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது பலர் இப்படித்தான் வேறு நிறுவனத்தில் புதிதாக டிக்கெட் எடுத்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

விமான நிலையத்திலேயே செய்ய வேண்டியவை

விமானம் ரத்து என்றதும் எல்லோரும் கவுண்டரை நோக்கி ஓடுவார்கள். அந்தக் குழப்பத்திலும் நான்கு வேலைகளை மறக்காதீர்கள்.

1. ரத்து என்று வந்த எஸ்எம்எஸ், இமெயிலை அழிக்க வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ரத்து என்று இருப்பதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. புதிய டிக்கெட்டின் 13 இலக்க எண், புதிய பிஎன்ஆர், கட்டண வகுப்பின் எழுத்து ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. புதிய நிறுவனம் கூட்டாளி என்றால் செக்-இன் கவுண்டரில் உங்கள் உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். போர்டிங் பாஸில் அந்த எண் அச்சாகி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

4. போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். பாயிண்ட் கணக்கில் வந்து சேரும்வரை அது உங்களிடம் இருக்க வேண்டும். போனில் வரும் போர்டிங் பாஸ் என்றால் பயணம் முடிவதற்கு முன்பே அதைப் படமாகச் சேமியுங்கள். சில ஆப்களில் விமானம் இறங்கியதும் அது மறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில்

அண்ணனிடம் எந்த ஆவணமும் ஒழுங்காக இல்லை. டிக்கெட் கம்பெனியின் டிராவல் ஏஜென்ட் இமெயிலில் இருந்தது, ரத்தான செய்தி போனில் இருந்தது. இரண்டு போர்டிங் பாஸ்களில் ஒன்று பாஸ்போர்ட்டுக்குள் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து வேலையைத் தொடங்கினோம். நீங்களும் இப்படிச் செய்யுங்கள்.

1. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் மவுசின் வலது பட்டனைக் கிளிக் செய்து, புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். அதற்குப் பயணத் தேதியைப் பெயராகக் கொடுங்கள்.

2. டிக்கெட் வந்த இமெயிலைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்துங்கள். பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் காகிதம் இல்லாமலே அந்த இமெயில் ஒரு பிடிஎப் பைலாகச் சேமிக்கப்படும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது.

3. போர்டிங் பாஸ், எஸ்எம்எஸ் படங்களைப் போனிலிருந்து உங்கள் இமெயிலுக்கே அனுப்பி, கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து அதே போல்டரில் போடுங்கள்.

4. ஒவ்வொரு பைலுக்கும் புரியும்படி பெயர் வையுங்கள். 'பழைய டிக்கெட்', 'ரத்து அறிவிப்பு', 'புதிய டிக்கெட்', 'போர்டிங் பாஸ்' என்று இருந்தால் படிப்பவருக்கும் எளிது. நிறுவனத்துக்கு அனுப்பும்போது பைல் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

5. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, பாயிண்ட் பதிவுப் பக்கத்தைப் பாருங்கள். பயணம் முடிந்த உடனே பாயிண்ட் வராது. சில நாள் பொறுத்திருந்து பார்த்த பிறகு கேளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். தளத்தில் 'விடுபட்ட பாயிண்ட்' என்று ஒரு படிவம் இருந்தது. அதில் அண்ணன் பயணம் செய்த விமானத்தின் எண்ணைப் போட்டு அனுப்பினோம். ஒன்பது நாளில் பதில் வந்தது: 'அந்த விமானம் எங்கள் கூட்டாளி நிறுவனத்தினுடையது அல்ல. பாயிண்ட் தர இயலாது.' அண்ணன் லேப்டாப்பை மூடிவிட்டார். "விடு தம்பி, நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றார்.

பதிலைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படிவம் விமான எண்ணையும் டிக்கெட் எண்ணையும் பொருத்திப் பார்க்கும் ஒரு சாதாரண புரோகிராம். நாங்கள் கொடுத்ததோ அதற்குத் தெரியாத விமானம். இல்லை என்றுதான் அது சொல்லும். மனிதர் ஒருவர் படிக்கும் இடத்துக்கு நம் கோரிக்கை போக வேண்டும். எனவே 'எங்களைத் தொடர்பு கொள்ள' பகுதியில் உள்ள பொதுப் படிவத்தின் வழியாக மறுபடி எழுதினோம். இந்த முறை கேட்டது பழைய டிக்கெட்டுக்கான பாயிண்ட்டை. அதன் சாரம் இதுதான்:

'என் உறுப்பினர் எண் இது. இந்தத் தேதியில் உங்கள் இந்த எண் விமானத்தில் பயணம் செய்ய, இந்த எண் கொண்ட டிக்கெட்டை வைத்திருந்தேன். என் கட்டண வகுப்பு இது. அந்த விமானத்தை நீங்கள் ரத்து செய்து, என்னை வேறு நிறுவனத்தின் இந்த விமானங்களில் அனுப்பினீர்கள். இந்த மாற்றம் நான் கேட்டுச் செய்ததல்ல. அந்த நிறுவனத்திடமிருந்து நான் எந்தப் பாயிண்ட்டும் பெறவில்லை. என் முதல் டிக்கெட்டின் பாதைக்கும் வகுப்புக்கும் உரிய பாயிண்ட்டை ஒரிஜினல் ரூட்டிங் கிரெடிட் முறையில் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆவணங்களை இணைத்துள்ளேன்.'

இவ்வளவு போதும். நீங்கள் பட்ட கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுத வேண்டாம். அந்தக் கோபத்துக்கு வேறொரு கடிதம் எழுதிக்கொள்ளலாம். ஒரிஜினல் ரூட்டிங் கிரெடிட் என்ற சொல் எல்லா ஊழியர்களுக்கும் தெரிந்திருக்காது. அதனால் சாதாரண வார்த்தையிலும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் தமிழில் எழுதி கூகுள் டிரான்ஸ்லேட்டில் மொழிபெயர்த்து, எண்களையும் பெயர்களையும் மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

காலக்கெடு: பாயிண்ட் கேட்பதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு கெடு இருக்கும். பல திட்டங்களில் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம். அண்ணன் ஐந்தாவது மாதத்தில் வந்ததால் தப்பித்தார். உங்கள் திட்டத்தின் விதிமுறைப் பக்கத்தில் இதை முதலில் பாருங்கள்.

இரண்டு இடத்தில் கேட்காதீர்கள்: ஒரே பயணத்துக்குப் புதிய நிறுவனத்திலும் பழைய நிறுவனத்திலும் பாயிண்ட் வாங்கினால் கணக்கையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றை மட்டும் கேளுங்கள்.

உரிமை எது, சலுகை எது: விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்பக் கிடைப்பது பற்றி இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதி வகுத்திருக்கிறது. பாயிண்ட் அந்த விதியில் வராது. அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள திட்டத்தின் விதிமுறையைப் பொறுத்தது. எனவே நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். ஒருமுறை மறுத்தால் காரணம் கேட்டு மறுபடி எழுதுங்கள். சிலர் முழுப் பாயிண்ட் தராமல் நல்லெண்ணமாகக் கொஞ்சம் தருவதும் உண்டு. பணம் திரும்பவில்லை, மாற்று விமானம் தரவில்லை என்பது போன்ற புகார்களுக்கு மத்திய அரசின் ஏர்சேவா இணையதளம் இருக்கிறது.

திட்டத்தின் பெயர் மாறும்: 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவில் டிக்கெட் எடுத்திருந்தவர்கள் அதன் பிறகு ஏர் இந்தியா பயணிகள் ஆனார்கள். கிளப் விஸ்தாரா பாயிண்ட்டும் ஏர் இந்தியாவின் பிளையிங் ரிட்டர்ன்ஸ் திட்டத்துக்கு மாறியது. அந்தத் திட்டமும் மகாராஜா கிளப் என்று பெயர் மாறியது. பழைய அட்டையை வைத்துக்கொண்டு தேடாமல், நிறுவனத்தின் இப்போதைய தளத்துக்குச் சென்று பாருங்கள்.

பார்கோடு ஜாக்கிரதை: போர்டிங் பாஸின் பார்கோடில் உங்கள் பெயரும் பிஎன்ஆரும் இருக்கும். உறுப்பினர் எண்ணும் இருக்கலாம். சாதாரண போன் ஆப் கொண்டே அதைப் படித்துவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் அதைப் போடாதீர்கள். விமான நிறுவனத்துக்கு அனுப்பினால் மட்டும் போதும்.

போலி மெயில்: 'உங்கள் பாயிண்ட் இன்று காலாவதியாகிறது, இங்கே கிளிக் செய்யவும்' என்று வரும் மெயிலை நம்ப வேண்டாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து உள்ளே போங்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அண்ணனின் பாயிண்ட் என்ன ஆனது?

இரண்டாவது கடிதம் அனுப்பி மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் இரவு நான் வேலை முடித்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். "தம்பி, 3,100-ன்னு ஒரு வரி புதுசா வந்திருக்கு, அதுதானா பாரு" என்றார். அதுதான். தொலைந்துபோன அந்த ஒரு போர்டிங் பாஸை அவர்கள் கேட்கவே இல்லை. பழைய டிக்கெட் எண்ணை வைத்தே தங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே லேப்டாப்பைத் திறந்து அப்பா, அம்மா இருவருக்கும் வாரணாசிக்கு டிக்கெட் எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். விம்கோ நகர் வரை மின்சார ரயில், அங்கிருந்து நேராக விமான நிலையத்துக்கு மெட்ரோ என்று வழியையும் பார்த்து வைத்திருந்தார். எஸ்கலேட்டர் பக்கம் போகாமல் லிப்டில் அழைத்துப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் அடிக்கடி விமானத்தில் போய் வருகிறவர் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஆறு மாதப் பயணங்களை ஒரு தாளில் எழுதி, பாயிண்ட் கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால் கெடு முடிவதற்குள் எழுதிக் கேளுங்கள்.